கியர்பாக்ஸ் மாற்றிய வண்டிக்கு ஒரு பூஜை

என் மகள் ஓட்டுகிற கார் என் மச்சினன் கொண்டுவந்த கார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் கடைசியில் அது மச்சினன் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. அகரத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறான். விடிவதற்கு முன்பே பூவை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவான். ஊரே குளித்துக் கிளம்புகிற நேரத்தில் அவனுக்கு அன்றைய வேலை முடிந்திருக்கும். நான் எரியோட்டில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வெள்ளனப் பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியும். நான் கிளம்பிப் போன பிறகு, அவன் வேலை முடிந்து நிற்கிற சமயத்தில்தான் என் மகளின் பள்ளிக்கூட நேரம் வந்தது.

மகளுக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்பும் தோலும் வைத்த காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். தொண்ணூறுகளில் அவள் படித்த வருஷங்கள் முழுக்க அவளைக் கொண்டுபோய் விட்டது மாமனின் மொபெட்தான். முன்னால் காலிப் பூச்சாக்கு, பின்னால் இவள். அந்த வாசனை ஒட்டிக்கொண்டு வகுப்பில் இவளை ‘மல்லி’ என்று கூப்பிட்டார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சட்டையில் சாக்பீஸ் தூள்தான் இருக்கும், அதற்கு வாசனை கிடையாது.

காதுகுத்துக்கு மாமன் மடி என்பது முறை. அதில் எனக்கு வருத்தமில்லை. முறையில் சேராததெல்லாம்கூட அவன் மடிக்கே போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பரீட்சை மார்க்கை முதலில் அவனிடம் சொல்வாள். காய்ச்சல் என்றால் அவன் வாங்கிவரும் ரொட்டியைத்தான் தின்பாள். "அவ ஒங்களையும் நினைக்கிறா, அவனையும் நினைக்கிறா. இதுல என்னத்துக்குப் போட்டி?" என்பாள் என் மனைவி. போட்டி என்றால் இரண்டு பேரும் ஓட வேண்டும். அவன் ஓடவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கம்ப்யூட்டர் படித்து முடித்து ஆத்தூர் போகிற சாலையில் ஒரு தனியார் பள்ளியில் மகள் ஆசிரியையாகச் சேர்ந்தாள். பஸ் படி அவளுக்கு உயரம். ஒருநாள் படியில் காலை ஊன்றுவதற்குள் டிரைவர் எடுத்துவிட்டார். ரோட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். நான் பஸ் கம்பெனிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். மச்சினன் கோயம்புத்தூர் போய், கிளட்ச் இல்லாத கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, மாலை போட்டு, எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இதுக்கு எடது காலே வேணாம் தாயி. வலது காலு மட்டும் போதும். அமுக்குனா போகும், விட்டா நிக்கும். அம்புட்டுத்தான்" என்றான்.

அகரத்துப் பக்கம் வறண்ட குளத்தில் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். எனக்கு ஸ்கூட்டர் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. கரைமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கார் வட்டமடிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அவன் கை வெளியே நீண்டு எனக்கு டாட்டா காட்டும்.

ஆனால் அந்தக் காரால் மகள் மாறினாள். அதை மறைப்பதற்கில்லை. பள்ளி விட்டதும் கூட வேலை செய்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு நாகல்நகரில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவாள். "எங்க போயிட்டு வர்றே?" என்று கேட்டால், "சும்மாப்பா" என்பாள். சும்மா போய் வருவது என்கிற ஒன்று அதுவரை அவள் வாழ்க்கையில் இருந்ததே இல்லை.

இரண்டு மூன்று வருஷம் நன்றாக ஓடியது. அப்புறம் வண்டி முனக ஆரம்பித்தது. கிளம்பும்போது உதறும். மேட்டில் என்ஜின் கத்தும், வண்டி நகராது. திண்டுக்கல்லில் திறந்து பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் திரும்ப மூடிக் கொடுத்துவிட்டார்கள். இது சாதாரண கியர்பாக்ஸ் இல்லை, உள்ளே கியரே இல்லை என்றார்கள்.

"வித்துப்புடுவோம் மச்சான். வேற ஒண்ணு பாத்து எடுத்தாரேன்" என்றான் மச்சினன்.

இன்னொன்றையும் அவனே எடுத்து வருவானாம். "வேண்டாம் மாப்ள, இதை நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சாலை ரோடு என்று எங்கள் ஊரில் சொல்லும் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த வண்டியைப் பற்றிப் படித்தேன். இரண்டு கூம்புச் சக்கரங்கள், நடுவில் இரும்பு பெல்ட். கூம்புகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் கீழே இறங்கும். முதல் கியர், இரண்டாம் கியர் என்று படி எதுவும் கிடையாது. விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். வாழ்நாளெல்லாம் தொடர்ச்சியான சார்புகளைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். அப்படி ஒன்று என் வாசலில் நின்றுகொண்டு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மகளை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினேன். தாடையில் கைவைத்துக் கேட்டாள். அவள் என்னிடம் அப்படி உட்கார்ந்து பாடம் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்து மச்சினன் பூந்தி பொட்டலத்தோடு உள்ளே வந்தான். படத்தை எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், வண்டி வயித்துக்குள்ள ரைஸ் மில்லு ஓடுதுன்னு சொல்லுங்க. அதான் இந்த முக்கு முக்குது."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பாடம் அத்தோடு முடிந்தது.

கோயம்புத்தூர் உக்கடத்துப் பக்கம் ஒரு மெக்கானிக்கைப் பல பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். அதற்காக எத்தனை லீவு போட்டேன் என்று என் தலைமை ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும். மெக்கானிக் எண்ணெயை ஒரு தட்டில் வடித்துக் காட்டினார். அதில் வெள்ளித்தூள் மாதிரி மின்னியது. பெல்ட்டும் சக்கரமும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன என்றார்.

"ஏனுங்க சார், இதே மாதிரி கியர் பொட்டி வேணும்னா வெளிநாட்டுல இருந்து வரோணும்ங்க. வந்தாலும் திரும்ப இதே சீக்குதானுங்க. இதே என்ஜினுக்குச் சாதா ஆட்டோமேட்டிக் போட்ட வண்டி வெளிநாட்டுல ஓடுது. அந்தப் பொட்டி பழசு ஒண்ணு வருதுங்க. கம்ப்யூட்டர், கேபிள், தாங்குற பிராக்கெட்டு எல்லாமே சேத்து மாத்தோணும். பொறுமை வேணும்ங்க."

பொறுமை எனக்கு இருந்தது. கிளட்ச் இல்லாத வண்டியாகவே இருக்கும், மகளின் வலது கால் போதும் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வழுக்கிக்கொண்டு மாறுகிற பெட்டி போய், படிப்படியாகக் கியர் விழுகிற பெட்டி வரும். மாற்றுகிற வேலையை வண்டியே செய்துகொள்ளும். பெட்டி வந்து சேரவும், மாட்டவும், மாட்டியதைத் திரும்பக் கழற்றி மாட்டவும் ஒரு கோடை போனது. மகள் ஆட்டோவில் போய் வந்தாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வெளிக்கூடு மச்சினன் கொண்டுவந்ததாக இருக்கட்டும். ஓடப்போவது நான் கொண்டுவந்த பெட்டியால்.

வண்டியை எடுக்க நான், மகள், மச்சினன் மூவரும் போனோம். அவனை நான் கூப்பிடவில்லை, மகள் கூப்பிட்டிருந்தாள். மெக்கானிக் எங்கள் மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. பழைய பொட்டி காலை எடுத்தா நின்ன எடத்துல நிக்கும். இது அப்பிடி இல்லீங்க. கியர் லீவர டி-ல போட்டுட்டு பிரேக்க விட்டீங்கன்னா, ஆக்ஸிலேட்டர தொடாட்டியும் தானா நவுரும். நிக்கோணும்னா பிரேக் மேல கால் இருக்கோணும்."

"கட்டுத்தறி அவுத்த கன்னுக்குட்டியாட்டம் போகுமாக்கும்" என்றான் மச்சினன். மகள் தலையாட்டினாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒட்டன்சத்திரம் வழியாக மகளே ஓட்டி வந்தாள். கார் ஓட்டத் தெரிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன் இருக்கை மச்சினனுக்கு. நான் பின்னால். கியர் விழும்போதெல்லாம் மெல்ல ஒரு தட்டு தட்டியது. "மூணு விழுந்துருச்சு... இப்ப நாலு" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஒங்கப்பா வாங்கின பெட்டியில்ல, கணக்கு தப்பாது" என்றான் அவன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை அன்று மன்னித்தேன்.

பெரிய வேலை பார்த்த வண்டி புது வண்டி மாதிரி, பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்றாள் என் மனைவி. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோவில் முன்னால் வெள்ளிக்கிழமை காலை நிறுத்தினோம். பூசாரி சந்தனம் வைத்தார். மச்சினன் கட்டிக்கொண்டு வந்த மாலை முன்னால் தொங்கியது. தேங்காய்த் தட்டு என் கையில். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பழத்தை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"நீங்க தட்டைப் பிடிங்க மச்சான். வேட்டி அழுக்காயிரும். மாமன் நான் எதுக்கு இருக்கேன்?"

என் பெட்டி, என் பூஜை, பழம் வைப்பது அவன். தட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கம், வண்டிக்குச் சற்று முன்னால் நின்றேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மகள் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் போட்டாள். மாமன் சுற்றிவந்து பழங்களை வைத்தான். டிரைவருக்கு அந்தப் பக்கத்து முன்சக்கரத்தின் பழம் மட்டும் ஒரு சாண் உருண்டு தள்ளி நின்றது. அதை அவன் பார்த்த அதே நேரத்தில் பூசாரி, "எடுத்துக்கம்மா, மெதுவா" என்றார். மகள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

"செத்த இரு தாயி!" என்று சொல்லிக்கொண்டே மச்சினன் குனிந்தான்.

அவள் இருந்தாள். அவளைப் பொறுத்தவரை இருந்தாள். ஆக்ஸிலேட்டர் பக்கம் காலைக் கொண்டுபோகவே இல்லை. பழைய வண்டியில் அதற்குப் பெயர் நிற்பது. கால் எதையும் மிதிக்காமல் தூக்கி வைத்துக்கொண்டு மாமன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தாள். வண்டி நகர்ந்தது. சத்தமில்லாமல், எவ்வளவோ மெதுவாக. அது நகர்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வார்த்தையாக இல்லை.

குரல் கேட்டதும் அவள் பிரேக்கை மிதித்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். சக்கரம் அவன் விரல்களின் மேல் நின்றது.

"மாமா! மாமா!" என்று அலறினாள். நான் தட்டைப் போட்டுவிட்டு, "ரிவர்ஸ் போடு! ரிவர்ஸ்!" என்று கத்தினேன். பூசாரி முன்னால் போகச் சொல்லிக் கத்தினார். என் மனைவி என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மகள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"தாயி... பதறாத. பின்னாடி போடு. மெதுவா. பிரேக்க விடு."

அவன் சொன்னபடி செய்தாள். வண்டி ஒரு முழம் பின்னால் போய் நின்றது. இன்றும் எங்கேயாவது ஒரு கார் சத்தமில்லாமல் நகர்ந்தால் என் கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் மோதிர விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். "பூவை நிறுக்க மூணு வெரலு போதும் டாக்டரே" என்று மயக்க ஊசிக்கு முன்னால் அவன் சொன்னதாக நர்ஸ் வந்து சொன்னார். மகள் காலிப்பரோடு அந்த வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. சாவியைப் பீரோவுக்கு மேல் எறிந்துவிட்டாள். பள்ளி திறக்கப் போகிறது. ஆட்டோவுக்குப் போன் செய்யச் சொன்னாள். இரண்டு நாள் ஆட்டோ வரவில்லை என்றால் அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் வேலையை விடுவாள். அப்புறம் ‘சும்மா’ போய் வருவது நிற்கும். இப்போதே திரும்ப ஓட்டாவிட்டால் இனிமேல் எப்போதும் ஓட்டப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். பழைய பெட்டியில் நிற்கும் இடத்தில் பிடிமானம் விட்டுவிடும். புதியதில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எண்ணெய் சுழன்றுகொண்டே தள்ளும். உன் கால் பழகியதை அது செய்தது, இதில் உன் தப்பு ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தப்பு இல்லம்மா, தப்பே இல்ல." ஒவ்வொரு தடவையும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது. "சரிப்பா" என்பாள்.

மச்சினன் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். கையில் கட்டு ஒரு இளநீர் அளவுக்கு இருந்தது. சாப்பிட முடியாது. மகள் சோற்றைப் பிசைந்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தைக் கிள்ளி வைத்து, உருட்டி ஊட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நானே எடுத்துச் சாப்பிட்டேன். என் இரண்டு கையும் நன்றாக இருந்தன. ஒரு மனிதனின் நசுங்கிய விரலைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கட்டு மாற்றப் போகிற நாள். நான் ஆட்டோ கூப்பிடக் கிளம்பினேன்.

"ஆட்டோ வேணாம் மச்சான். குழி குழியா விட்டு ஆட்டுறாய்ங்க, வெரலு விண்ணுவிண்ணுனு தெறிக்குது. ஏ ஆத்தா, வண்டிய எடு."

"மாட்டேன் மாமா."

"ஏன்?"

"முடியாது மாமா. விடுங்க."

"ஏத்துனது நீயி. கட்டுப் போடக் கூட்டிட்டுப் போறது மட்டும் ஒங்கப்பனா?"

இத்தனை நாளாக நாங்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த வார்த்தையை அவன் எடுத்து நடுக்கூடத்தில் போட்டுவிட்டான். என் மனைவி, "ஏலே, வாய மூடு" என்றாள். நான் அவனை அடிக்கக்கூடப் போயிருப்பேன். மகளின் கண்ணில் நீர் தளும்பியது. அப்புறம் முகம் சிவந்தது.

"யாரு குனியச் சொன்னா? பூசாரி எடுக்கச் சொல்றாரு, நீங்க பாட்டுக்குச் சக்கரத்துக்கு முன்னாடி கையக் கொண்டுட்டுப் போறீங்க! கோயம்புத்தூர்ல அந்த மெக்கானிக் சொன்னாருல்ல? கன்னுக்குட்டின்னு ஒங்க வாயாலதான சொன்னீங்க?"

"சொன்னேன். மறந்துட்டேன். நீயும் மறந்துட்டே. ஆளுக்குப் பாதி. என் பாதிக்கு வெரலு குடுத்துட்டேன். ஒன் பாதிக்கு வண்டிய எடு."

"ஒரு நுனி வெரலுக்கு இம்புட்டுப் பேச்சு!" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே அதிர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரித்தான். சிரித்ததில் கை வலித்து, "ஆத்தி" என்று முனகினான். அவள் அழுதாள், திட்டினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பீரோ பக்கம் போனாள். சாவி எட்டவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நான் சொன்னது உண்மை, அவன் சொன்னது பாதிதான் உண்மை. ஆனால் தப்பில்லை என்று நான் சொன்னபோதெல்லாம் அவளுக்குப் பேச எதுவும் இல்லாமல் போனது. அவனிடம் அவளால் சண்டை போட முடிந்தது. அந்தச் சண்டையை ஆரம்பிக்கிற உரிமை கட்டுப் போட்ட கைக்குத்தான் இருந்தது. அதையும் அவன்தான் வைத்திருந்தான்.

வாசலில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் முன் இருக்கையில். என்ஜினைக் கிளப்பினாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, சுத்திப் பாத்துச் சொல்றீங்களா? யாருமில்லையே?"

சுற்றி வந்தேன். நான்கு சக்கரத்துக்கும் குனிந்தேன். கையை ஊன்றி அடியிலும் பார்த்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. "யாருமில்லம்மா. பிரேக்ல கால் இருக்கா?" என்றேன்.

"இருக்குப்பா."

"விடு."

விட்டாள். அவள் எதையும் மிதிக்காமலே வண்டி நகர்ந்தது. அவள் அதை நகரவிட்டாள். பிடித்தாள், நிறுத்தினாள், மறுபடியும் விட்டாள். வாசல் கேட்டை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் இறங்கியதும் முதல் கியர் விழுந்து இரண்டாவது மாறியது எனக்கே கேட்டது.

முனை திரும்புவதற்கு முன் மச்சினன் ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டிருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.